என்னைக் கடத்திய மீன்

ஜெச்சோன்,
டிசம்பர் 17, இரவு ஒன்றரை மணி.

பெருமதிப்பிற்குரிய ஹேவோன் சித்திக்கு யுன்சல் தலை தாழ்த்தி எழுதுவது. தேகுவில் குளிர் எப்படி? இங்கே குழாய்த் தண்ணீர் உறைந்துவிட்டது. அம்மாவும் அப்பாவும் நலம். நானும் நலம்தான், ஆனால் சனிக்கிழமை வரைக்கும்தான் என்று தோன்றுகிறது.

போர்வைக்குள் டார்ச் வைத்து எழுதுவதால் கையெழுத்தை மன்னிக்கவும். போனிலேயே சொல்லியிருப்பேன். ஆனால் படிப்பு கெடும் என்று அம்மா பறித்துவைத்த என் போன், மார்ச் மாதத்திலிருந்து கிம்ச்சி ஊறுகாய் ஃப்ரிட்ஜில், முள்ளங்கி டப்பாவுக்கு அடியில் கிடக்கிறது. கதவைத் திறந்தால் அந்த ஃப்ரிட்ஜ் பாட்டுப் பாடும், அது பாடினால் அம்மா எழுந்துவிடுவாள்.

இந்த வருடம் அம்மா எனக்காகச் செய்ததையெல்லாம் நினைத்தால் சாப்பாடு இறங்க மாட்டேனென்கிறது. கடற்பாசி சூப் குடித்தால் பரீட்சையில் வழுக்கிவிடும் என்று வீட்டில் நிறுத்தினாள், பிறகு நம் பதார்த்தக் கடையிலும் நிறுத்தினாள், வாசனை என் மேல் பட்டாலும் ஆபத்தாம். பிறந்தநாள் என்றாலே கடற்பாசி சூப்தான் வழக்கம், அப்பாவின் பிறந்தநாளுக்குக்கூட முள்ளங்கி சூப்தான். "இதுவும் சூப்புதான், பேசாம குடிங்க" என்றாள், அவரும் பேசாமல் குடித்தார். அக்டோபரில் சியோலுக்குப் போய், நீங்கள் படித்த பல்கலைக்கழகத்தின் வாசல் தூணில், எனக்கும் அங்கே இடம் ஒட்டிக்கொள்ளும் என்று, ஒட்டுமிட்டாயை ஒட்டிவிட்டு வந்தாள். காவலாளி மரியாதையாக ஒரு சுரண்டுகத்தியைக் கையில் கொடுத்தாராம். சுரண்டினாளாம், ஆனால் தூணுக்குப் பின்பக்கம் நகக்கண் அளவு விட்டுவைத்ததை இன்றைக்கும் பெருமையாகச் சொல்கிறாள்.

இப்படிப்பட்ட அம்மாவுக்கு நான் செய்தது இது. செப்டம்பரில் முதல் சுற்று விண்ணப்பம், ஆறு இடங்களுக்குப் போடலாம். ஐந்தை அம்மா முடிவு செய்தாள், ஐந்தும் சியோல், முதலில் உங்களுடையது. ஆறாவது காலியாக இருந்தது. கடைசி நாள், மூட ஒரு மணி நேரம் இருக்கும்போது, அம்மா கடையில் நெத்திலி வறுத்துக்கொண்டிருந்தாள், நான் தெற்குக் கடலோரத்து ஒரு கல்லூரியின் மீன் மருத்துவத் துறைக்குப் போட்டுவிட்டேன். சிரிக்காதீர்கள் சித்தி, மீனுக்கும் வியாதி வரும், அதற்கும் படிப்பு உண்டு. சின்ன வயதில் கடையில் உட்கார்ந்து அயிலையின் ஈரலைப் பார்த்து, இது எதனால் செத்திருக்கும் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வேன், அதனால்தான் பாதிப் பேர் எதிர்க்கடைக்குப் போய்விட்டார்கள் என்று அம்மா சொல்வாள். அவள் கேட்டால் விளையாட்டுக்குப் போட்டேன் என்று சொல்வதாக இருந்தேன். உங்களிடம் சொல்கிறேன், விளையாட்டுக்கு இல்லை.

பிறகு பொதுத்தேர்வு மதிப்பெண் வந்தது. நான் வாழ்நாளில் வாங்காத மதிப்பெண். தலைமையாசிரியரே கடைக்கு வந்து, எண்ணெய்க் கையோடு இருந்த அம்மாவைப் பார்த்துக் குனிந்து வணங்கினார். போன வெள்ளிக்கிழமைக்குள் முதல் சுற்றின் ஐந்து இடங்களும் என்னைக் கைவிட்டிருந்தன. அம்மாவுக்குக் கவலையே இல்லை, இந்த மதிப்பெண்ணுக்கு இரண்டாம் சுற்றில் உங்கள் பல்கலைக்கழகம் நிச்சயம் என்கிறாள். ஆனால் அதே வெள்ளிக்கிழமை ஆறாவது இடம் என்னை எடுத்துக்கொண்டது. விதி உங்களுக்குத் தெரியும். முதல் சுற்றில் எங்காவது ஓரிடத்தில் தேறிவிட்டால் இரண்டாம் சுற்றுக்கு விண்ணப்பிக்கவே முடியாது, வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தாலும் முடியாது. பள்ளியில் இதைக் கடத்தல் என்பார்கள். என்னை ஒரு மீன் கடத்திவிட்டது, சித்தி.

சனிக்கிழமை காலை சியோலில் ஓர் ஆலோசகரிடம் போகப் போகிறோம், எந்தத் துறைக்குப் போடலாம் என்று கேட்க. அவர் என் எண்ணைத் தட்டினால் எல்லாம் திரையில் வந்துவிடும். இதற்கிடையில் அப்பாவின் பஸ் டிப்போ நண்பர்கள் நாற்சந்தியில் கட்டுவதற்கு வாழ்த்துப் பேனர் சொல்லிவிட்டார்கள், துறையின் பெயர் மட்டும்தான் பாக்கியாம்.

அதனால், சனிக்கிழமைக்குள் நீங்கள் வந்து அம்மாவிடம் சொல்ல வேண்டும். நீங்கள் வேலையை விட்டுப் பூக்கடை வைத்து எட்டு வருடமாகியும், அம்மா உங்களை அந்தப் பல்கலைக்கழகத்தின் பெயரைச் சொல்லித்தான் அறிமுகப்படுத்துகிறாள். நீங்களே, "அங்க அப்படி ஒண்ணும் இல்லக்கா" என்றால் நம்புவாள். அது பொய் என்றால், பாதியையாவது சொல்லுங்கள். அவள் திட்டினால் தாங்கிக்கொள்வேன். திட்டாமல், பரவாயில்லை என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போய்விடுவாளோ என்றுதான் பயமாக இருக்கிறது.

சித்தப்பாவுக்கு என் வணக்கங்கள். உங்கள் பூக்கள் ஒன்றுகூட இந்தக் குளிரில் கருகாமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
நடுங்கிக்கொண்டிருக்கும்
யுன்சல்

பி.கு.: சித்தி, அம்மாவிடம் சொல்ல வேண்டாம். இப்போதுதான் போர்வையை விலக்கி, டார்ச்சை வாங்கி, முழுவதையும் படித்தாள். பிறகு, "அந்த ஆறாவது காலேஜுக்கு வீட்டு நம்பர்னு எந்த நம்பரடி குடுத்தே?" என்று கேட்டாள். நான் கொடுத்திருந்தது கடை நம்பரை. வெள்ளிக்கிழமையே அவர்கள் கூப்பிட்டு வாழ்த்துச் சொல்லியிருக்கிறார்கள், இவளும் நன்றி சொல்லி வைத்திருக்கிறாள். அன்றைக்கே ஆலோசகரையும் வேண்டாம் என்று சொல்லிவிட்டாளாம். நாலு நாளாக நான் வாயைத் திறப்பேன் என்று காத்திருந்திருக்கிறாள். "அழுது முடிச்சிட்டேன், நீ புதுசா ஆரம்பிக்காத" என்றாள். சனிக்கிழமை அந்தக் கடலோரத்துக்குத்தான் போகிறோம். ஹாஸ்டலில் குளிருக்குத் தரை சூடாகிறதா என்று கையை வைத்துப் பார்க்க வேண்டுமாம். அதற்கப்புறம்தான் அவளுக்கு நினைவு வந்தது. "ஆமா, உங்கப்பாகிட்ட யார் சொல்றது?" ஆகவே நீங்கள் அவசியம் வரவும். மேலே 'அம்மாவிடம்' என்று இருக்கும் இடத்திலெல்லாம் 'அப்பாவிடம்' என்று வாசித்துக்கொள்ளச் சொல்லி, அம்மாவே உறைக்குப் பசை தடவிக்கொண்டிருக்கிறாள்.