இன்னும் சுடாத எல்க்

"கறியை எங்க வைக்கப்போறே?" என்று மார்லிஸ் கேட்டாள்.

வெர்லின் அப்போது கறிக்குழம்பை இரண்டாவது தடவையாகக் கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டிருந்தான். கூடாரம் பற்றிப் பேசியாகிவிட்டது. காலணி பற்றிப் பேசியாகிவிட்டது. மலைமேல் பனி முன்கூட்டியே விழுந்தால் என்ன செய்வது என்பதுவரைக்கும் பேசியாகிவிட்டது. கறியைப் பற்றி அவன் யோசித்திருக்கவில்லை.

அன்று காலையில்தான் வயோமிங் மாநிலத்திலிருந்து சேதி வந்திருந்தது. பல வருஷங்களாக விண்ணப்பம் போட்டு, வருஷா வருஷம் இல்லை என்ற பதிலை வாங்கிக்கொண்டிருந்தவனுக்கு, இந்த அக்டோபரில் ஓர் ஆண் எல்க்கைச் சுட அனுமதி கிடைத்துவிட்டது. விஸ்கான்சினிலிருந்து இரண்டு நாள் வண்டி ஓட்டிப் போக வேண்டும். போகாமல் விட்டால் மறுபடி வரிசையின் கடைசியில் போய் நிற்க வேண்டியதுதான். அதற்குள் முழங்கால் ஒத்துழைக்குமா என்பது சந்தேகம்.

"எந்தக் கறி?" என்றான்.

"நீ சுடப்போற எல்க்கோட கறி. ஒரு எல்க்னா நம்ம ஊரு மான் மூணு சேந்த மாதிரி. நாலு காலு, கழுத்து, விலா, முதுகு. எல்லாத்தையும் வண்டியில ஏத்தி இங்கதானே கொண்டுவருவே?"

"பின்னே அங்கயேவா விட்டுட்டு வருவாங்க?"

"அதான் கேக்குறேன். எங்க வைப்பே?"

நிலவறையில் ஃப்ரீசர் இருக்கிறதே என்றான் வெர்லின். அந்த ஃப்ரீசரின் மூடியை மூட வேண்டும் என்றால் மேலே ஏறி உட்கார வேண்டியிருக்கிறது, போன வாரம்கூடத் தான் உட்கார்ந்துதான் மூடியதாக மார்லிஸ் சொன்னாள். பிறகு கரண்டியைக் கீழே வைத்துவிட்டு நிதானமாகப் பேசினாள்.

"போக வேண்டாம்னு சொல்லல. தாராளமாப் போ. ஆனா ஒவ்வொரு துண்டும் யாரு வீட்டுக்குப் போகுதுன்னு கிளம்புறதுக்கு முன்னாடியே நீ எங்கிட்ட சொல்லணும். நம்ம வீட்டுக்குள்ள ஒரு பவுண்டுகூட வரக்கூடாது. சொல்ல முடியலன்னா போகக்கூடாது."

வெர்லினுக்கு மனம் கொஞ்சம் சுருங்கிப் போயிற்று. கல்யாணமான நாளிலிருந்து இந்தக் குடும்பம் அவன் துப்பாக்கியில்தான் கறி சாப்பிட்டு வந்திருக்கிறது. நவம்பரில் மானைச் சுடுவது அவன் வேலை. ஊரில் எல்மோரின் கறிக்கடையில் அதை வெட்டக் கொடுப்பதும் அவன் வேலை. வெள்ளைத்தாள் பொட்டலங்களை வாங்கி வந்து ஃப்ரீசரில் அடுக்குவதும், சமைப்பதும் மார்லிஸின் வேலை. கடையில் விற்கும் மாட்டுக்கறி தனக்குத் தொண்டையில் இறங்காது என்று பாலாடைக்கட்டித் தொழிற்சாலையில் தன்னோடு வேலை செய்கிறவர்களிடம் அவன் அடிக்கடி சொல்லுவான். அவர்களும் கேட்டுக்கொள்வார்கள்.

ஆனாலும் அவள் கேட்டது அநியாயமாகத் தோன்றவில்லை. எல்க் கறியை யார் வேண்டாம் என்பார்கள்? இரண்டே நாளில் முடித்துவிடலாம் என்று நினைத்தான்.

முதலில் பக்கத்துப் பண்ணை ஓரினிடம் போனான். ஓரின் வயதில் மூத்தவர், வீட்டில் தனியாள், நல்ல சாப்பாட்டுக்காரர். பின்னங்கால் ஒன்று முழுசாகத் தருகிறேன் என்றதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. அந்த முகத்தைப் பார்த்து வெர்லினும் மலர்ந்தான். அப்புறம்தான் ஓரின் எழுந்து கொட்டகைப் பக்கம் போனார்.

எங்கள் பக்கத்தில் யாரும் வெறுங்கையோடு கறி வாங்குவதில்லை. ஒன்று வாங்கினால் ஒன்று கொடுக்க வேண்டும். கொடுப்பதை இரண்டு தடவை வேண்டாம் என்று சொல்வது மரியாதை. மூன்றாவது தடவை வாங்கிக்கொள்ள வேண்டும். மூன்றாவது தடவையும் வேண்டாம் என்றால் அது சண்டை, பேரப்பிள்ளைகள் காலம்வரைக்கும் போகும். ஆகவே, உண்மையாகவே ஒரு பொருள் வேண்டாம் என்றால் அதைச் சொல்ல எங்களுக்கு வழியே கிடையாது.

ஓரின் ஒரு கோணிப்பையோடு திரும்பி வந்தார்.

"போன வருஷத்துக் கரடி. தொடை ரெண்டு இருக்கு."

"ஐயோ, வேண்டாம் அண்ணே."

"சும்மா எடுத்துக்கோப்பா."

"நெசமாவே வேண்டாம் அண்ணே. வீட்ல இடமே இல்ல."

"அட, கரடிக்கு என்ன பெரிய இடம் வேணும்," என்று பையை அவன் வண்டியில் வைத்துவிட்டார்.

கரடி கடைசியில் கார் கொட்டகையின் பழைய குளிர்ப்பெட்டிக்குள், வெர்லினின் பியர் பாட்டில்கள் இருந்த இடத்தில் போய்ச் சேர்ந்தது. பியரை அவன் வேகவேகமாகக் குடித்து முடிக்க வேண்டியதாயிற்று. அதை ஒரு கஷ்டம் என்று அவன் சொல்லவில்லை.

அடுத்து தேவாலயம். இலையுதிர்கால விருந்துக்குக் கறியுருண்டை செய்ய பாஸ்டரின் மனைவி கொரின் வருஷம் தவறாமல் கறி தேடி அலைவது அவனுக்குத் தெரியும். முன்னங்கால் இரண்டையும் அரைத்துத் தந்துவிடுகிறேன் என்றான். கொரின் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். கண்கூடக் கலங்கியது. தேவாலயத்து அடுப்படிக்குள் போனவள் இரண்டு பை லூட்டஃபிஸ்க்கோடு வந்தாள்.

லூட்டஃபிஸ்க் என்பது உலர்ந்த மீனைச் சாம்பல் காரத்தில் ஊறவைத்துக் கொழகொழவென்று ஆக்குவது. நார்வேயிலிருந்து கப்பலேறி வந்த பாட்டன்மார் பெயரைச் சொல்லி வருஷத்துக்கு ஒரு தடவை மூச்சைப் பிடித்துக்கொண்டு சாப்பிடுவோம். விருந்தில் மீந்துபோனதை யாரும் வீட்டுக்கு எடுத்துப் போகாததால் அது ஆறு மாதமாக உறைந்துபோய்க் கிடந்தது.

இந்தத் தடவை வெர்லின் உஷாராக இருந்தான். முதல் இரண்டு தடவையும் உயிரைக் கொடுத்து மறுத்தான். குரலை உயர்த்தினான், ஓரடி பின்னால்கூட நகர்ந்தான். இந்தக் காலத்தில் இவ்வளவு நல்ல வளர்ப்பா என்று கொரினுக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. உள்ளே போய் இன்னொரு பையும் எடுத்து வந்தாள்.

ஆட்களிடம் போனால்தானே இந்தத் தொல்லை, கடையிடம் போகலாம் என்று அவனுக்குத் தோன்றியது. மீதியை அரைத்துக் குடலில் அடைத்துத் தொத்திறைச்சியாகச் செய்துவிட்டால் கொஞ்சமாகச் சுருங்கிவிடும், கிறிஸ்துமஸுக்கு ஆளுக்கொன்றாகக் கொடுத்து முடித்துவிடலாம். எல்மோர் கத்தியைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"எல்க்ல கொழுப்பே கிடையாது, தெரியுமில்ல?"

"தெரியும்."

"அப்ப தொத்திறைச்சி பண்ணணும்னா பாதிக்குப் பாதி பன்னிக்கறி சேக்கணும். நீ நூறு பவுண்டு கொண்டுவந்தா இருநூறு பவுண்டா வாங்கிட்டுப் போவே."

"குறையாதா?"

"கறி எங்கப்பா குறையும்? கூடும்."

யோசித்துச் சொல்கிறேன் என்று வெர்லின் கிளம்பினான். எல்மோர் அவனை ஒரு மாதிரி பார்த்தார். மார்லிஸுக்கு இதெல்லாம் தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றான். அவர் மறுபடி கத்தியைத் துடைக்க ஆரம்பித்தார்.

இனி ஃப்ரீசர்தான் வழி. நம் வீட்டுக்குள் வரக்கூடாது என்றுதானே சொன்னாள், கார் கொட்டகை வீட்டுக்குள் இல்லையே. மார்லிஸின் தம்பி ரோல்ஃபின் டிராக்டர் கொட்டகையில் ஆள் நீளத்துக்கு ஒரு ஃப்ரீசர் இருந்தது. கடனாகக் கேட்டான். ரோல்ஃப் ஒரு வார்த்தை மறுக்கவில்லை. அவனே வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்து, பார்த்துப் பார்த்து இறக்கி, மின்சாரமும் கொடுத்துவிட்டான். வெர்லின் மூடியைத் திறந்தான். உள்ளே விளிம்புவரைக்கும் சோளமும் வாத்தும் பன்றித் தொடையும் அடுக்கியிருந்தன.

"ரோல்ஃப், எனக்கு ஃப்ரீசர் மட்டும் போதும்."

"புரியுது மச்சான். ஆனா உள்ள இருக்கறத நான் எங்க வைப்பேன்? எங்கிட்டதான் இப்ப ஃப்ரீசர் இல்லையே."

சொல்லிவிட்டு ரோல்ஃப் ஒரு காபி குடித்தான். எல்க் வந்தால் ஈரல் மட்டும் தனக்கு என்று உரிமையோடு கேட்டான். அதற்குப் பதிலாக இருக்கட்டும் என்று, போகும்போது இன்னும் கொஞ்சம் சோளத்தை உள்ளே திணித்துவிட்டுப் போனான்.

மார்லிஸ் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். அன்று சாயங்காலம் பஸ்ஸை விட்டுவிட்டுத் தன் காரில் வீட்டுக்கு வந்தாள். காரைக் கொட்டகைக்குள் விட முடியவில்லை. இறங்கி வந்து பார்த்தாள். புது ஃப்ரீசரைப் பார்த்தாள், குளிர்ப்பெட்டியைத் திறந்து கரடியைப் பார்த்தாள். பிறகு வாசனை வந்த திசையில் போய் லூட்டஃபிஸ்க்கையும் பார்த்தாள். அது ஐஸ் நிரப்பிய குழந்தைகள் குளிக்கும் தொட்டியில் இருந்தது.

வெர்லின் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

"இதுல எல்க் எது?" என்றாள்.

"எல்க் இன்னும் வரல."

"எங்க இருக்கு?"

"வயோமிங்ல. மேஞ்சுகிட்டு இருக்கும்."

மார்லிஸ் படியில் உட்கார்ந்துவிட்டாள். வெர்லின் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தான். வீட்டில் கறியைக் குறைக்கக் கிளம்பியவன் இவ்வளவையும் கொண்டுவந்து குவித்துவிட்டோமே என்று அவனுக்கே வெட்கமாக இருந்தது.

"நான் போகல. அனுமதியைத் திருப்பிக் கொடுத்துடறேன்," என்றான்.

அவன் குரல் எப்படியோ இருந்தது. மார்லிஸ் திரும்பிப் பார்த்தாள். போன கோடையில் அவனுக்கு முழங்காலில் ஊசி போட்ட டாக்டர், இனி மலையேறுவதெல்லாம் சீக்கிரமாகச் செய்து முடித்துக்கொள்ளுங்கள் என்று சொன்னபோது அவளும் கூட இருந்தாள்.

"திருப்பியெல்லாம் கொடுக்க வேண்டாம்," என்றாள். "இத்தனை வருஷம் காத்துக்கிட்டு இருந்திருக்கே. இன்னும் எவ்வளவு மிச்சம் இருக்கு?"

இன்னொரு பின்னங்காலை இங்கே அங்கே கெஞ்சித் தொழிற்சாலையில் பங்கு போட்டாயிற்று, முதுகுக்கறியை ரோல்ஃப் ஈரலோடு எடுத்துக்கொள்வான், கழுத்தும் விலாவும்தான் மிச்சம் என்றான் வெர்லின். எலும்போடு ஒட்டிய கறி என்பதால் யாரும் ஆசைப்படவில்லை.

"சரி. கழுத்து, விலா, இந்தக் கரடி, அந்த மீனு. இதுக்கு ஒரு வழி பண்ணு. சோளத்தை நான் பாத்துக்குறேன். பண்ணிட்டேன்னா போயிட்டு வா."

சொல்லிவிட்டு அவன் தோளில் தட்டினாள். எழுந்தவள், காரை மழையில் நிறுத்திவிட்டு உள்ளே போனாள்.

ராத்திரி படுக்கையில்தான் வெர்லினுக்கு அந்த யோசனை உதித்தது. இந்த மாவட்டத்தில் வாங்கிக்கொண்டு பதிலுக்கு எதுவும் தராதவர்கள் யார்? மனிதர்களில் யாரும் இல்லை. நாய்கள்தான்.

ஏரிக்கு அந்தப் பக்கம் ஆர்டிஸ் என்று ஒரு பெண், பனியில் வண்டி இழுக்கும் நாய்களை வளர்க்கிறாள். ஃபின்லாந்துக்காரர் வம்சம். ஊருக்குள் அதிகம் வருவதில்லை. குளிர்காலத்து ஊர்வலத்தில் தூரத்திலிருந்து பார்த்ததோடு சரி, வெர்லின் அவளோடு பேசியதே கிடையாது. மார்லிஸிடம் சொல்லவில்லை. எல்லாம் முடிந்த பிறகு சொல்லி அவள் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று ஆசை. சனிக்கிழமை காலை கரடியையும் மீனையும் ஏற்றிக்கொண்டு தனியாகக் கிளம்பினான்.

பாதை பாதி ஏறும்போதே நாய்களுக்கு வாசனை போய்விட்டது. ஊரே சேர்ந்து குரைக்கிற மாதிரி இருந்தது. ரப்பர் பூட்ஸும் கையில் வாளியுமாக ஆர்டிஸ் வந்தாள். வெர்லின் விஷயத்தை ஆரம்பத்திலிருந்து சொன்னான். அவள் வண்டிக்குப் பக்கத்தில் வந்தாள். கோணிப்பையைத் திறந்து கரடியை ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தாள், நன்றாக வேகவைத்துப் போடலாம் என்றாள். மீனை முகர்ந்து பார்த்துவிட்டு, நாய்களுக்கு இதில் ஆட்சேபணை இருக்காது என்றாள்.

"பதிலுக்கு எனக்கு எதுவும் வேண்டாம்," என்று வெர்லின் அவசரமாகச் சொன்னான். கண் தன்னையறியாமல் கம்பி வலைக்குள் விளையாடிக்கொண்டிருந்த நாய்க்குட்டிகள் பக்கம் போயிற்று.

"நானும் எதுவும் தர்றதா இல்ல," என்றாள் ஆர்டிஸ்.

வெர்லினுக்கு அவளைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. எல்லாம் முடிந்தது. அக்டோபர், மலை, கூடாரம், விடியற்காலைக் குளிரில் எங்கோ ஓர் எல்க் கூப்பிடும் குரல், எல்லாம் அவனுக்குக் கிடைத்துவிட்டது. எல்க்கின் கழுத்தும் விலாவும் அக்டோபர் கடைசியில் வந்து சேரும் என்றும், தானே நேரில் கொண்டுவந்து தருவதாகவும் சொன்னான்.

"யாரு கொண்டுவர்றதா குறிச்சு வச்சுக்கறது?"

"வெர்லின். பஸ் ஓட்டுற மார்லிஸோட வீட்டுக்காரன்."

ஆர்டிஸ் வாளியைக் கீழே வைத்தாள். அவனை மேலிருந்து கீழே ஒரு தடவை நன்றாகப் பார்த்தாள்.

"அப்ப கண்டிப்பா எல்க்கைக் கொண்டு வா. இருபது வருஷமா உனக்குக் கடை மாட்டுக்கறியைச் சமைச்சுப் போட்டுட்டு, நீ சுடுற மான்கறியை ஒரு பொட்டலம் விடாம மார்லிஸ் இங்கதான் கொண்டாந்து போடுறா, இந்த நாய்ங்களுக்கும் ஒரு மாறுதல் வேணாமா?"