பேனரில் போட்ட சர்வர் முகவரி

சங்கத்தின் ஆண்டறிக்கையை வெப்சைட்டில் போட வேண்டும். போன வாரம் எனக்கு இருந்த வேலை அவ்வளவுதான்.

நான் அரியூர் நாட்டில் ஒரு மிளகு விவசாயிகள் சங்கத்தின் செயலாளர். எங்கள் மலையில் சில ஊர்கள் சேர்ந்தாலே அது ஒரு நாடு. எந்த ஊரில் எத்தனை கொடி பிடித்தது, எத்தனை வாடியது என்று கணக்கு வைப்பது எனக்குச் சிரமமே இல்லை. அதை வருஷத்துக்கு ஒருமுறை மைக் பிடித்துப் படிக்க வேண்டும் பாருங்கள், அங்கேதான் நாக்கு ஒட்டிக்கொள்ளும். போன வருஷம் "அனைவருக்கும் வணக்கம்" என்றேன். அடுத்து "நன்றி" என்று உட்கார்ந்துவிட்டேன். நடுவில் இருந்த அறிக்கை சட்டைப் பையிலேயே இருந்தது!

இந்த வருஷம் வெப்சைட்டில் போட்டுவிட்டால் அவரவர் போனில் படித்துக்கொள்வார்கள். நான் வாயே திறக்க வேண்டாம்.

மாட்டுக்கு ஊசி போட வந்த கால்நடை டாக்டரம்மாவிடம் மெதுவாகக் கேட்டேன். தூத்துக்குடிக்காரர். கம்ப்யூட்டரும் தெரிந்தவர்.

"வர்ச்சுவல் மெஷின்னு ஒண்ணு இருக்கு அண்ணாச்சி. கம்ப்யூட்டருக்குள்ள இன்னொரு கம்ப்யூட்டர். வெப்சைட் ஓடுறதுக்கு வேண்டிய சர்வர் சாப்ட்வேர் எல்லாத்தையும் போட்டு, ரெடியா கட்டியே வச்சிருக்காவ. இறக்கி ஸ்டார்ட் குடுத்தா போதும்."

கட்டிய வீட்டுக்குக் குடி போகிற மாதிரி! எனக்குப் பிடித்துவிட்டது.

எங்கள் மலையில் சிக்னல் வரும், போகும். காளப்பநாயக்கன்பட்டிக்கு இறங்கி, அந்தப் பெரிய ஃபைலைப் பென்டிரைவில் பிடித்து வந்தேன். சங்கத்துக் கம்ப்யூட்டர் என் வீட்டில்தான் இருக்கிறது. போட்டு ஸ்டார்ட் கொடுத்தேன்.

கறுப்பாக ஒரு சதுரம் வந்தது. உள்ளே என்ன இருக்கிறது என்று தட்டிப் பார்த்தேன். மவுஸின் அம்புக்குறி உள்ளே போனது. போனது போனதுதான்!

"அம்பக் காணமே!" என்றேன்.

"கம்ப்யூட்டருக்குள்ள கம்ப்யூட்டர்னு நீங்கதானுங்க சொன்னீங்க," என்றாள் மனைவி. "உள் ஊட்டுல உக்காந்திருக்கும். கதவத் தட்டிப் பாருங்க."

டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன். "வலது பக்கத்துக் கண்ட்ரோல் பட்டன அமுக்குங்க அண்ணாச்சி!"

அமுக்கினேன். பூனைக்குட்டி மாதிரி வெளியே குதித்தது!

அப்புறம் அந்த ஃபைலோடு வந்த வழிகாட்டியில் இருந்தபடி 127.0.0.1:8080 என்று பிரவுசரில் தட்டினேன். காலியாக ஒரு வெப்சைட் பளிச்சென்று திறந்தது! மேலே எங்கள் சங்கத்தின் பெயரைப் போட்டு, அறிக்கை முழுவதையும் ஏற்றினேன். சந்தோஷத்தில் அன்று ஒரு தோசை அதிகம் சாப்பிட்டேன்.

அத்தோடு நின்றிருக்கலாம். மறுநாளே பேனர் அடிக்கக் கிளம்பிவிட்டேன்.

பேனர் கடைக்காரர் எண்ணைப் பார்த்தார். "பத்து நம்பரு. போன் படம் ஒண்ணு போட்டுறலாமுங்களா?"

"போன் இல்லீங்க, வெப்சைட்."

"அப்ப உங்க போட்டோவாச்சும்?"

"வேண்டாமுங்க."

"மூஞ்சி இல்லாத பேனர் அடிக்க மனசே வர மாட்டேங்குதுங்க," என்றார் வருத்தமாக.

பத்து எண், நடுவே மூன்று புள்ளி, ஒன்றன் மேல் ஒன்றாய் இரண்டு புள்ளி. மூன்று முறை சரிபார்த்தேன். ஒரு புள்ளிகூடத் தப்பில்லை!

கூட்டத்தன்று சங்கக் கட்டடத்து வாசலில் பேனர் கட்டினோம். "எல்லாரும் இதைத் தட்டிப் பாருங்க" என்று தலைவரையே சொல்லவைத்தேன். எல்லோரும் தட்டினார்கள்.

"வரலீங்க செயலாளரே."

"எங்கூட்டுல வந்துதுங்களே!"

"டவர் இல்லீங்க. மொட்டமாடிக்கு ஏறுங்கப்பா!"

பாதிச் சங்கம் மாடிக்கு ஏறியது. வானத்தைப் பார்த்துப் போனைத் தூக்கிப் பிடித்தார்கள். எடப்புளி நாட்டிலிருந்து வந்திருந்த சின்னண்ணன் மேலிருந்து கத்தினார்.

"இங்கயும் வரலீங்க! ஆனா உங்க ஊடு நல்லாத் தெரியுதுங்க!"

தலைவர் மைக்கை என் பக்கம் நீட்டினார். அந்த நேரம் பார்த்து டாக்டரம்மா வண்டியில் வந்து இறங்கினார். பேனரைப் பார்த்தார். சிரிப்புத் தாங்காமல் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"அண்ணாச்சி! அந்த அட்ரஸுக்கு 'இந்த மிஷினுக்குள்ளயே பாரு'ன்னு அர்த்தம். நீங்க தட்டுனா உங்க கம்ப்யூட்டருக்குள்ள பாக்கும். இவங்க தட்டுனா இவங்க போனுக்குள்ளயே பாக்கும். அம்புட்டு பேரும் அவங்கவங்க பைக்குள்ளயே தேடிட்டு இருக்காவ!"

சின்னண்ணன் மாடியிலிருந்து எட்டிப் பார்த்தார். "அப்ப செயலாளர் ஊட்டுக் கம்ப்யூட்டர்ல மட்டும் வருமாக்கும்?"

"ஆமா."

"ஊடு அந்தா இருக்குது. நடங்கப்பா!"

நடந்தார்கள். மொத்தச் சங்கமும்! நான் கடைசியில் போனேன், என் வீட்டுக்கே விருந்தாளி மாதிரி.

மனைவி ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "ஏனுங்க, மைக் புடிக்காம இருக்கறதுக்கா இத்தன பேரக் கூட்டியாந்தீங்க?"

வெப்சைட் திறந்தது. ஆனால் கம்ப்யூட்டர் முன்னால் நாலு பேர்தான் நிற்க முடியும். மற்றவர்கள் கூடத்திலும் வாசலிலும் முண்டினார்கள்.

"எங்களுக்கு முன்னால இருக்கறவங்க தலைதான் தெரியுது! செயலாளரே, படிச்சுச் சொல்லுங்க!"

படித்தேன்.

"கேக்கலீங்க! சத்தமா!"

கத்திப் படித்தேன்! மைக் இருந்திருந்தால் முணுமுணுத்தாவது தப்பித்திருப்பேன். வாடிய கொடிகளின் எண்ணிக்கைக்கு வந்ததும் வாசலிலிருந்து ஒரு குரல்.

"எங்கூட்டுக் கொடி வாடலீங்க! ஆடு தின்னுபோட்டுது!"

"ஆடு தின்னாலும் போனது போனதுதானுங்க!" என்று திருப்பிக் கத்தினேன். வீடே சிரித்தது. யார் கத்தியது என்று நானே ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டேன்.

கடைசி வரி வரை படித்து முடித்தேன். தொண்டை போய்விட்டது.

எங்கள் வெப்சைட்டை முதல் நாளே நாற்பத்து மூன்று பேர் பார்த்திருக்கிறார்கள். வாசலில் கிடந்த செருப்புகளை எண்ணித்தான் சொல்கிறேன்.