ஜப்பானிலும் ஒரு கணபதி

பேப்பரைப் பார்த்ததும் கோவிந்தராஜுலுவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "இந்திய-ஜப்பான் கூட்டுத் தயாரிப்பு மோட்டார் சைக்கிள் விற்பனைக்கு" என்றுதான் அவர் எழுதிக் கொடுத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை வரி விளம்பரத்தில் "ஜப்பான் மோட்டார் சைக்கிள் விற்பனைக்கு" என்று வந்திருந்தது. ஒரே வரிக்குள் அடக்க வேண்டும் என்பதற்காக விளம்பர ஏஜெண்ட் இந்தியாவையே தூக்கிவிட்டான்.

டேங்கில் ஜப்பான் பெயர் இருந்ததென்னவோ உண்மை. வண்டி பிறந்தது இந்தியாவில். இன்ஜினே ஜப்பானிலிருந்து வந்த வண்டி என்றால் தொண்ணூற்று நாலிலும் கோயமுத்தூரில் தனி மவுசு. இவருடையது அந்த ரகம் இல்லை.

விற்பதற்குக் காரணம் பின் சீட்டுதான். மகளின் பிரசவத்துக்காக "பத்தே நாள்" என்று ஐதராபாத் போன அவர் மனைவி பத்மாவதி, பதினாலு மாதமாக அங்கேயே இருக்கிறாள். பின்னால் உட்கார ஆளில்லாத வண்டியைத் தினமும் துடைத்து வைப்பது, இரண்டு தட்டைக் கழுவி வைத்துவிட்டு ஒன்றில் சாப்பிடுவது மாதிரி இருந்தது.

ஏஜெண்டைப் பிடித்து நாலு வாங்கு வாங்கலாம் என்று செருப்பை மாட்டினார். வாசலில் ஒரு குரல்.

"ஏனுங்க, ஜப்பான் வண்டி இந்த ஊட்லதானுங்களா?"

வந்தவர் பெயர் ரசாக். கோட்டைமேட்டில் குடைக்கடை வைத்திருந்தவர். இப்போது கடையை மகன் பார்க்கிறான். அங்கிருந்து கணபதிக்கு டவுன் பஸ்ஸில் வந்திருந்தார். கையில், பேப்பரிலிருந்து கத்தரித்த விளம்பரம். வண்டியை ஒரு பார்வை பார்த்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

அந்த நாற்காலியில் ஆள் உட்கார்ந்து எட்டு மாதம் இருக்கும். கடைசியாக உட்கார்ந்தவர் மீட்டர் ரீடிங் எடுக்க வந்தவர். அவரும் காலில் குத்திய முள்ளைப் பிடுங்கத்தான் உட்கார்ந்தார்.

"ஜப்பான்தானுங்களே?"

இல்லை என்றால் எழுந்து போய்விடுவார்.

"ஆமாங்க," என்றார் கோவிந்தராஜுலு. "காப்பி சாப்புடறீங்களா பாய்?"

இரண்டு மணி நேரம் பேசினார்கள். மழை, மில் ஸ்டிரைக், முழங்கால் வலி.

"எங்கூட்ல கேபிள் டிவி வந்ததுல இருந்து அதுதானுங்க எல்லாத்துக்கும் சேத்துப் பேசுது," என்றார் ரசாக்.

"ஒரு ரவுண்டு ஓட்டிப் பாக்கறீங்களா?"

"நீங்களே ஓட்டுங்க. நான் பின்னாடி உக்காந்து சத்தத்தக் கேக்கறேன்."

சரவணம்பட்டி வரைக்கும் போய் வந்தார்கள். பின் சீட்டில் பாரம் இருந்தால் வண்டி ஆடாமல் போகும் என்பதே கோவிந்தராஜுலுவுக்கு மறந்து போயிருந்தது.

"வண்டின்னா நிதானமாத்தானுங்க பாத்து வாங்கோணும்," என்று ரசாக் கிளம்பினார். "அடுத்த ஞாயித்துக்கெழம வாரனுங்க."

அவர் போன பிறகுதான் கண்ணில் பட்டது. இன்ஜின் பக்கவாட்டில், 'மேட் இன் இந்தியா' என்று ஆங்கிலத்தில் வார்த்தே வைத்திருந்தான் கம்பெனிக்காரன்.

அதன்மேல் கறுப்புப் பெயிண்ட் அடித்தார். அடுத்த ஞாயிறு, துடியலூர் தாண்டுவதற்குள் இன்ஜின் சூட்டில் பெயிண்ட் பொங்கிவிட்டது.

"ஏதோ தீயற வாசம் வருதுங்க."

"ஜப்பான் ஆயிலுங்க. அப்படித்தான் வரும்."

பெயிண்ட் உரிந்து, இந்தியா முன்னைவிடப் பளிச்சென்று வெளியே வந்தது. ரசாக் இறங்குவதற்குள் கோவிந்தராஜுலு அதன்மேல் துண்டைப் போட்டார். துண்டு பொசுங்கியது.

மறுநாள் பக்கத்துச் சந்து தம்பிதுரையிடம் சொல்லி, 'மேட் இன் ஜப்பான்' என்று சூடு தாங்கும் ஸ்டிக்கர் ஒட்டச் செய்தார். சிவப்பும் வெள்ளையுமாக ஜோராக இருந்தது. அடியில் பொடி எழுத்தில் இருந்ததை அவர் கவனிக்கவில்லை.

ரசாக் கவனித்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து, எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"மேட் இன் ஜப்பான்... தம்பிதுரை ஸ்டிக்கர்ஸ், கணபதி, கோவை ஆறு."

கோவிந்தராஜுலு முறுக்குத் தட்டை அவசரமாக அவர் பக்கம் நகர்த்தினார்.

"ஜப்பான்லயும் ஒரு கணபதி இருக்குதாட்ட இருக்குதுங்க," என்று சொல்லிவிட்டு ரசாக் இன்னொரு முறுக்கை எடுத்துக்கொண்டார்.

இவ்வளவு நல்ல மனுஷனையா ஏமாற்றுகிறோம் என்று கோவிந்தராஜுலுவுக்கு நெஞ்சு உறுத்தியது. உண்மையைச் சொல்லிவிட வேண்டியதுதான். ஆனால் ஒரே மூச்சில் சொன்னால் அவர் அன்றோடு வராமல் போய்விடுவார். ஆகவே தவணை முறையில் சொல்வது என்று முடிவு செய்தார்.

"பாய், சைலன்சர் மட்டும் நம்மூருங்க. பங்காரு பட்டறையில செஞ்சது."

"அதுக்கென்னங்க. பொகை போற ஓட்டை எந்த நாடா இருந்தா என்ன."

அடுத்த வாரம் செயின் இந்தியாவுக்கு வந்தது. அதற்கடுத்த வாரம் கார்புரேட்டர். பிறகு பிஸ்டன். ஒவ்வொன்றுக்கும் ரசாக் "அட, அப்படீங்களா!" என்று ஆச்சரியப்பட்டாரே தவிர, எழுந்து போகவில்லை. கடைசியில் ஜப்பான் சுருங்கிச் சுருங்கி ஹெட்லைட் அளவுக்கு வந்துவிட்டது.

"அப்ப ஹெட்லைட்டுங்க?"

கோவிந்தராஜுலு ஹெட்லைட்டைத் துண்டால் துடைத்தார். "அதைப் பத்தி அடுத்த வாரம் பேசலாங்க."

"சரிங்க, சரிங்க. அவசரமில்லீங்க."

அடுத்த வாரம் ரசாக் வரவில்லை. போண்டா ஆறிப்போனது. அதற்கடுத்த ஞாயிறும் ஒவ்வொரு டவுன் பஸ்ஸுக்கும் கோவிந்தராஜுலு வாசலுக்கு வந்து நின்றார். யார் யாரோ இறங்கினார்கள்.

தெரிந்துவிட்டது. யாரோ சொல்லியிருப்பார்கள். அவருக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட, அந்தக் காலி நாற்காலியைப் பார்ப்பதுதான் தாங்க முடியாததாக இருந்தது. எஸ்.டி.டி. பூத்துக்குப் போய் பத்மாவதிக்குப் போன் போட்டார்.

"வண்டியக் குடுத்தாச்சுங்களா?"

"பாத்துட்டிருந்தவரு வாரதில்ல."

"போனாப் போகுது. வேற ஆள் வராமயா போயிரும்?"

"வேற ஆள் வேண்டாம் பத்மா," என்றார். "நீ எப்ப வாரே?"

"பத்தே நாளுங்க."

போனை வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தார். ஸ்டிக்கரைப் பிளேடால் சுரண்டி எடுத்துவிட்டு, வண்டியை நேராகக் கோட்டைமேட்டுக்கு விட்டார். குடைக்கடையில் வீட்டுக்கு வழி சொன்னார்கள். கதவைத் திறந்தது ரசாக்கின் மகள் சமீரா.

"அத்தா காலு பிசகிப் படுத்திருக்காங்க. உள்ள வாங்க."

"மொதல்ல நான் சொல்றதக் கேட்டுக்க அம்மணி. அப்புறம் உள்ள விடறதா வேண்டாமான்னு பாத்துக்கலாம்." கோவிந்தராஜுலு வாசற்படியிலேயே நின்றார். "உங்கத்தாகிட்ட நான் பொய் சொல்லிப்போட்டேன். இந்த வண்டில ஜப்பான்னு ஒண்ணுமே இல்ல. ஹெட்லைட்டும் இந்தியாதான். அவர வேற நல்ல வண்டியாப் பாத்து வாங்கிக்கச் சொல்லு."

சமீரா வண்டியையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"வண்டியா? அத்தாவுக்கு சைக்கிள்கூட ஓட்டத் தெரியாதுங்களே! ஞாயித்துக்கெழம ஆனா, சினேகிதகாரர் ஊட்டுக்குப் போறேன்னுதானுங்க சொல்லீட்டுக் கெளம்புவாங்க."