எக்ஸ் பிளஸ் ஒன்னுக்குப் பதிலாக யூ

மனைவிக்குத் தொண்டை கட்டிக்கொண்டு வெறும் காற்றுதான் வந்தது. மடிக்கணினித் திரையில் பன்னிரண்டாம் வகுப்பு முழுக்க வந்து உட்கார்ந்தாயிற்று. மூலையில் தலைமையாசிரியை. இன்றைய பாடத்தைப் பார்த்துத்தான் அவளுடைய வேலை நிரந்தரமா இல்லையா என்று முடிவு செய்வார்.

"நீ போர்டுல எழுது, நான் பேசறேன்" என்றார் கணவர். பல் டாக்டர். இதற்காகவே கிளினிக்கைப் பூட்டிவிட்டு வந்திருந்தார்.

"உங்களுக்கு... இன்டக்ரேஷன்... ரூட்டு..." என்று கிசுகிசுத்தாள்.

"ரூட்டுதானே? தினமும் ரூட் கெனால்ல அதோடதானே மல்லுக்கட்டறேன்!"

அவள் ∫ x√(x+1) dx என்று எழுதினாள். டாக்டர் தொண்டையைச் செருமினார்.

"பிள்ளைங்களா, தொல்லையே இந்த ரூட்டுதான். உள்ள இருக்கற எக்ஸ் பிளஸ் ஒன்னைத் தூக்கிட்டு, யூன்னு பிரதியிடலாம்."

மனைவி தலையசைத்தாள். டாக்டருக்குத் தலைகால் புரியவில்லை.

"அப்ப எக்ஸ் ரூட் யூ. முடிஞ்சுது!"

பலகையில் படீரென்று ஓர் அடி.

"முடியல, முடியல! வெளிய நிக்கற எக்ஸையும் மாத்தணும். எக்ஸ்னா... யூ பிளஸ் ஒன்!"

மார்க்கர் விலாவில் குத்தியது. பலகையில் u − 1 என்று இருந்தது.

"மைனஸ்! நீங்க கவனிக்கறீங்களான்னு பார்த்தேன்" என்று சமாளித்தார். அவள் முறைத்தாள். அதையும் சரிக்கட்டப் பார்த்தார். "சரி, பிளஸ்ஸோ மைனஸோ, அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்."

அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

திரையில் ஒருவரும் சிரிக்கவில்லை. எல்லாரும் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்கள். 'நம்ம குரலுக்குத் தனி மவுசுதான்' என்று டாக்டர் தெம்பானார்.

பிறகு பலகையைத் திரும்பிப் பார்த்தவர், கண்ணை எடுக்கவில்லை. அடைப்புக்குறியை அவள் பிரித்ததும், பயமுறுத்திய ரூட் இரண்டு சாதாரண அடுக்குகளாகப் பிரிந்து நின்றது. ஒவ்வொன்றிலும் ஒன்றைக் கூட்டினாள், வகுத்தாள். கடைசியில் யூவை அனுப்பிவிட்டு எக்ஸ் பிளஸ் ஒன்னைப் பழைய இடத்திலேயே உட்காரவைத்தாள். ஒரு C போட்டாள். ஓர் இடத்திலும் அடித்தல் திருத்தல் இல்லை.

'ஒரே வீட்ல இருந்துட்டு, இவ பாடம் நடத்தி ஒரு நாள்கூடப் பார்த்ததில்லையே' என்று டாக்டருக்கு உறைத்தது. கண் லேசாகக் கலங்கியது.

"பிரமாதம்!" என்றார் தலைமையாசிரியை. "இப்படி ஒரு வகுப்பை நான் பார்த்ததே இல்லம்மா. வேலை உங்களுக்குத்தான்."

மனைவி கைகூப்பினாள். டாக்டர் சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டார். "ஏதோ, நம்மால முடிஞ்ச உதவி."

திரையின் மேல்வரிசையில் ஒரு மாணவி கையைத் தூக்கினாள்.

"கணக்கு நல்லாப் புரிஞ்சுது மிஸ். தொண்டை சரியில்லைன்னு ஆரம்பத்துலேர்ந்தே மைக்கை ஆஃப் பண்ணி வெச்சிருக்கீங்க, அதுவும் புரிஞ்சுது. பக்கத்துல நிக்கற சாருக்கும் உங்களுக்கும் என்ன மிஸ் சண்டை?"