ஸ்டாண்டு அணி மாறிய கதை

பந்தயத்தில் முதலாவதாக வந்துகொண்டிருக்கும்போதே கோபம் வந்து, மோட்டார் சைக்கிளை நிறுத்தி, சென்டர் ஸ்டாண்டு போட்டுவிட்டு டீ குடிக்கப் போன மனிதன் இந்தப் பூமியில் ஒருவன்தான். அவன் எனக்கு நண்பன். செகந்திராபாத் லாலாகுடாவில் எல்லாரும் அவனை ஸ்டாண்டு என்றுதான் கூப்பிட்டார்கள். கல்யாணப் பத்திரிகை உறையின் மேலேயே ‘திரு. ஸ்டாண்டு அவர்கள்’ என்று எழுதிக் கொடுத்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

2003 வாக்கில் நான் திருநெல்வேலியிலிருந்து ஹைதராபாத் வந்து, அமீர்பேட்டில் ஆறு மாதம் ஜாவா படித்து, எப்படியோ ஒரு கம்பெனியில் ஒட்டிக்கொண்டிருந்தேன். ஒருநாள் என் பழைய பைக் லாலாகுடா பக்கம் படுத்துவிட்டது. தள்ளிக்கொண்டு போனால் ஒரு ஷெட். உள்ளே ஒருவர் கார்புரேட்டரைத் தமிழில் திட்டிக்கொண்டிருந்தார். ஒரு வருஷமாகத் தமிழில் ஒழுங்கான வசவு கேட்காதவன் நான். அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

அவர்தான் ஜெயபால் அண்ணன். அப்பா காலத்தில் அரக்கோணத்திலிருந்து ரயில்வே வேலைக்கு வந்த குடும்பம். ஷெட்டின் பெயரில் ஒரு பந்தய அணி வைத்திருந்தார். அணி என்றால் ஒரு வண்டி, அதை ஓட்ட ஒரு ஆள், அவ்வளவுதான். ஓட்டுகிறவன் ஸ்டாண்டு. நான் போன பிறகு மூன்றாவதாக ஒரு ஸ்டாப்வாட்ச் சேர்ந்தது. அதைப் பிடித்துக்கொண்டு நிற்பது என் வேலை.

ஸ்டாண்டு கூரியர் கம்பெனியில் வேலை பார்த்தான். ரோட்டில் அவன் முப்பதைத் தாண்டி ஓட்டியதே இல்லை. ஆட்டோக்காரர்கள் திட்டுவார்கள், சைக்கிள்காரர்கள் மணியடித்து வழி கேட்பார்கள். போட்டி இல்லாத இடத்தில் எதற்கு வேகம் என்பான். ஞாயிற்றுக்கிழமை திருமுல்கேரி பக்கத்து மைதானத்தில் மண் பாதையில் ஏறிவிட்டால் அதே ஆள் வேறு. வளைவில் அவன் சாய்கிற சாய்வைப் பார்த்து நான் பட்டனை அழுத்த மறந்து, ஜெயபால் அண்ணனிடம் தலையில் குட்டு வாங்கியிருக்கிறேன்.

திறமை அவ்வளவு. கோபமும் அவ்வளவு. பந்தய வண்டியில் வேண்டாத இரும்பையெல்லாம் கழற்றி எறிவார்கள். இவன் மட்டும் சென்டர் ஸ்டாண்டைக் கழற்ற விட மாட்டான். அண்ணன் ஸ்பானரோடு போனால், “நக்கோ அண்ணா, வேணாம். கோவம் வந்தா வண்டிய எங்க சாத்துறது?” என்று மறித்துக்கொள்வான். தோற்றுவிட்டால் அதற்கு ஒரு காரணம் ரெடியாக இருக்கும். புழுதி, வெயில், ஹெல்மெட் வார், கூட்டத்தில் எவனோ தும்மினது. இன்னொருத்தன் தன்னைவிட நன்றாக ஓட்டினான் என்ற வாக்கியம் மட்டும் அவன் வாயிலிருந்து வந்ததே கிடையாது.

இப்படி இருக்கும்போதுதான் அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. பத்துச் சுற்றுப் பந்தயம். கடைசிச் சுற்றில் ஸ்டாண்டு அரைச் சுற்று முன்னால் வருகிறான். அண்ணன் மாலைக்கு ஆள் அனுப்பிவிட்டார். மைக்கில் பேசிக்கொண்டிருந்தவர் உற்சாகத்தில், “ஆ பண்டி மீத எவரு எக்கினா கெலுஸ்தாரு!” என்றார். அந்த வண்டியில் யார் ஏறினாலும் ஜெயிப்பார்களாம். வண்டியைப் பாராட்டினார், பாவம்.

அது ஸ்டாண்டின் காதில் விழுந்துவிட்டது. முடிவுக் கோட்டுக்குப் பத்தடி முன்னால் பிரேக் போட்டான். இறங்கினான். வண்டியை நிதானமாக ஸ்டாண்டில் ஏற்றினான். ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு மைக் மேஜைக்கு நடந்தான்.

“ஹவ், ஆமா, வண்டிதானே ஜெயிக்குது? கோடு அங்க இருக்கு. போகச் சொல்லு.”

மற்றவர்கள் ஒவ்வொருவராகக் கோட்டைத் தாண்டிப் போனார்கள். வண்டி போகவில்லை. ஸ்டாண்டு டீ குடிக்கப் போய்விட்டான்.

ஜெயபால் அண்ணனுக்கு வந்த கோபத்தைச் சொல்லவே வேண்டாம். கூட்டத்துக்கு நடுவில் கத்தினார். ஆமாம்டா, என் வண்டியில் யார் ஏறினாலும் ஜெயிக்கும், அடுத்த பந்தயத்துக்கு இதோ இவனை ஏற்றுகிறேன் என்று ஒரு கையைப் பிடித்துத் தூக்கினார். நிமிர்ந்து பார்த்தேன். என் கை.

மறுநாளே ஸ்டாண்டு எதிரணிக்குப் போய்விட்டான். அது திருமுல்கேரியில் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருந்த செல்வத்தின் அணி. வேலூர்க்காரர், பேச்சு தேன் மாதிரி, மனசு கணக்கு நோட்டு மாதிரி. பந்தயச் சங்கத்தில் ஒரு விதி இருந்தது. தொடர்ந்து இரண்டு பந்தயத்தில் கோட்டைத் தொடாத அணியின் பெயரை அடித்துவிடுவார்கள். அண்ணன் ஒரு பந்தயத்தை ஏற்கெனவே விட்டாயிற்று. இன்னொன்றும் போனால் அந்த இடத்தில் தன் இரண்டாவது அணியை நுழைக்கலாம் என்பது செல்வத்தின் திட்டம். எட்டு வருஷம் சாயங்கால வேலையில் வந்த காசையெல்லாம் போட்டு அண்ணன் வளர்த்த அணி. அதற்குப் பிறகு அவர் தினமும் அந்த வண்டியைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

அவரிடம் நான் பலமுறை முறையிட்டேன். எனக்கு மூன்றாவது கியருக்கு மேல் பழக்கமில்லை என்றேன். கோட்டைத் தொட்டால் போதும்டா தம்பி, கடைசியா வந்தாலும் பரவாயில்லை என்றார். அதிலும் ஒரு சிக்கல். முதலில் வருகிறவன் நம்மை ஒரு முழுச் சுற்று முந்திவிட்டால் கறுப்புக் கொடி காட்டி வெளியே இறக்கிவிடுவார்கள். முதலில் வரப்போகிறவன் ஸ்டாண்டு. அவன் என்னை ஒரு சுற்று என்ன, ஊர் போய்த் திரும்பி வந்துகூட முந்துவான்.

பந்தயத்தன்று செல்வம் அவன் தோளில் கைபோட்டு, ஜெயிக்கிறது ரெண்டாவது, முதல்ல அந்தக் கண்ணாடிக்காரனை முந்து என்று என்னைக் காட்டி, என் காதுபடவே சொன்னார். ஸ்டாண்டு என் பக்கம் திரும்பவே இல்லை. புது வண்டியில் சென்டர் ஸ்டாண்டு இருக்கிறதா என்று குனிந்து பார்த்தான். இருந்தது.

கொடி இறங்கியது. எல்லாரும் போனார்கள். நானும் பின்னாலேயே, ஒரு நல்ல குடிமகனைப் போல, போனேன். எட்டாவது சுற்று வரை விழவில்லை என்பதே எனக்குப் பெரிய சாதனையாக இருந்தது. ஒன்பதாவது சுற்று பாதியில் பின்னால் சத்தம் கேட்டது. ஸ்டாண்டு. அவனுக்கு அது கடைசிச் சுற்று. அவனுக்கு ஒட்டினாற்போல் இன்னும் இரண்டு பேர். ஓரத்தில் கொடிக்காரர் கறுப்புக் கொடியை மடியிலிருந்து எடுத்து உதறுவது தெரிந்தது. அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். முடிந்தது என்று நினைத்தேன்.

அவன் முந்தவில்லை. நான் திரும்பிப் பார்க்கப் போனபோது பின்னாலிருந்து குரல் வந்தது.

“சாஃப்ட்வேரு, திரும்பாத! நேரா போ. கியர மாத்து, டேய், கியரு!”

மாற்றினேன். அவன் என் பின்சக்கரத்தை விட்டு நகரவில்லை. மற்ற இருவரும் வலப்பக்கம் வந்தால் வலப்பக்கம் சாய்ந்தான், இடப்பக்கம் வந்தால் இடப்பக்கம். ஒருவரையும் என்னை நெருங்கவிடவில்லை. எனக்குப் பின்னால் அன்றைக்கு ஒரு ஊர்வலமே வந்தது. கோட்டை முதலில் நான் கடந்தேன், அடுத்த நொடி ஸ்டாண்டு கடந்து பந்தயத்தை ஜெயித்தான். எனக்கு இன்னும் ஒரு சுற்று பாக்கி. காலி மைதானத்தில் நான் மட்டும் அதைத் தனியாகச் சுற்றி முடித்தேன். ஜெயபால் அண்ணன் கோட்டுக்கு அந்தப் பக்கம் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார். அணி பிழைத்தது.

நான் இறங்கியபோது செல்வம் ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டிருந்தார். தேனெல்லாம் வற்றிப்போயிருந்தது.

“ஏன்டா முந்தல நீ? காய்கறி வாங்கப் போறவன் மாதிரி போறான், அவன் பின்னாடி அரைச் சுத்து உருட்டிட்டு வர?”

சுற்றிலும் ஐம்பது பேர் நின்றார்கள். புழுதி என்று சொல்லியிருக்கலாம். ஹெல்மெட் வார் என்று சொல்லியிருக்கலாம். ஸ்டாண்டு முகத்தைத் துடைத்துக்கொண்டு, எல்லாருக்கும் கேட்கும்படி நிதானமாகச் சொன்னான்.

“வழி விடல சார் அவன். ரெண்டு பக்கமும் பாத்தேன். நல்லா ஓட்டுறான். என்னால முந்த முடியல.”

லாலாகுடா முழுக்க அந்த வாக்கியம் பரவியது. அமீர்பேட் ஹாஸ்டல் பையன் ஒருத்தன் ஸ்டாண்டை மறித்துவிட்டான் என்று டீக்கடையில் அவனை வைத்துக்கொண்டே சிரித்தார்கள். எதற்கெடுத்தாலும் கோபப்படுகிறவன் அதற்கு மட்டும் கோபப்படவில்லை. ஆமா, முந்த முடியல என்பான், அதோடு சரி. அடுத்த மாதமே செல்வத்தோடு ஏதோ ஒரு விஷயத்தில் சண்டை போட்டுக்கொண்டு மூன்றாவது அணிக்குப் போனான். நான் அதற்கப்புறம் பந்தயத்தில் வண்டி ஓட்டவில்லை.

அவனை எனக்கு ரொம்பப் பிடிக்கும். இதை அவனிடம் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் ஒரு வாரம் பேசாமல் இருந்திருப்பான்.