படகுக்கு நான் வாங்கிய சர்வோ

பிள்ளைகளே, அப்பாக்களுக்குக் கடையில் அளவாக ஒரு பொருள் வாங்க வராது. உங்கள் காலுக்கு நாலாம் நம்பர் செருப்பு போதுமென்றால் ஆறாம் நம்பர் வாங்கி வருவோம். ("வளர்ற புள்ளதானே" என்று சமாதானம் வேறு!) அந்தப் பழக்கத்தை நான் ஒரு படகு வரைக்கும் கொண்டுபோனவன்.

என் மகள் பவித்ரா எட்டாவது படித்தபோது, காலாண்டு லீவு முழுக்கத் தெர்மாகோலோடு மல்லுக்கட்டி, ரிமோட்டில் ஓடும் படகு ஒன்று செய்தாள். கிளியனூர்ப் பக்கத்து ஏரியில் பள்ளிகளுக்கிடையே போட்டி. தண்ணீரில் மிதக்கும் லாரி டியூபைச் சுற்றிக்கொண்டு கரைக்குத் திரும்ப வேண்டும். ஜெயித்தால் விழுப்புரம் கண்காட்சிக்குப் போகலாம். தூக்கத்தில்கூட "விழுப்புரம்" என்று உளறினாள்.

பாக்கி ஒரே பொருள். படகின் வாலில் இருக்கும் சுக்கானை இடமும் வலமும் திருப்பி நிறுத்துகிற தீப்பெட்டி அளவு மோட்டார். சர்வோ என்பார்கள். "நூத்தியெம்பது டிகிரிப்பா, மறந்துடாத" என்று அனுப்பினாள். திண்டிவனத்தில் பஸ் ஏறி விழுப்புரம் வரை அதையே முணுமுணுத்துக்கொண்டு போனேன்.

கடைக்காரர் இரண்டு எடுத்து வைத்தார். "இது நூத்தியெம்பது. இது முன்னூத்தி அறுபது, முழுசா சுத்தும்."

"வெல?"

"ரெண்டும் ஒண்ணுதாங்க. எதுக்கு வேணும்?"

"சுத்தறதுக்குத்தான்!" என்றேன். அதே விலைக்குப் பாதிச் சுற்று வாங்க நான் என்ன ஏமாளியா?

வீட்டில் பவித்ரா பார்த்துவிட்டு, "ஏம்பா, படகு வளருமா?" என்றாள். விடிந்தால் போட்டி, மாற்ற நேரமில்லை. பொருத்தினோம்.

"ரிமோட் குச்சிலேருந்து கைய எடுத்தா சுக்கான் நடுவுக்கு வரணும்பா. வர்ல."

"தண்ணில எறங்குனா வரும்மா" என்றேன். (எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள்.)

தண்ணீரிலும் வரவில்லை. அவள் குச்சியை வலப்பக்கம் தள்ளினாள். சர்வோ நிற்காமல் சுற்றச் சுற்ற, சுக்கான் மாட்டு வால்போல இரண்டு பக்கமும் அடித்தது. படகு இடுப்பை ஆட்டிக்கொண்டு போனது. பதறிக் கையை எடுத்தாள். சுக்கான் ஓர் ஓரமாக நின்றுவிட, படகு வட்டம் போட ஆரம்பித்தது. டியூப் எங்கேயோ, படகு எங்கேயோ.

கரையில் மாடு குளிப்பாட்டிக்கொண்டிருந்தவர், "இன்னாங்க, படகுக்கு சாமி வந்துடுச்சா? வேப்பல காட்டுங்க!" என்று கத்தினார்.

எல்லோரும் சிரித்தார்கள். பவித்ராவின் உதடு மட்டும் துடித்தது. வேகத்தைக் குறைக்கக்கூடத் தோன்றாமல் ரிமோட்டை இறுக்கிப் பிடித்திருந்தாள். நான் பேண்ட்டை மடித்துக்கொண்டு இறங்கினேன். மடித்ததால் ஒரு பிரயோஜனமும் இல்லை, தண்ணீர் மார்புக்கு வந்துவிட்டது. நான் பிடிக்கப் போக, படகு என்னைச் சுற்ற ஆரம்பித்தது.

"டியூபுக்கு பதிலா அப்பாவ சுத்துது! மார்க் போடுங்க சார்!" என்றார் மாட்டுக்காரர். அழுதுகொண்டிருந்த பவித்ராவுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

விழுப்புரத்துக்கு வேறு பள்ளிப் பிள்ளைகள் போனார்கள்.

பவித்ரா இப்போது கல்லூரியில் படிக்கிறாள். இன்றைக்கும் எந்தக் கடைக்கும் என்னை விட்டுவிட்டுப் போக மாட்டாள். எனக்கு முதலில் பெருமையாகத்தான் இருந்தது. இரண்டு பொருளை என்முன் வைத்து, "எதுப்பா நல்லா கீது?" என்பாள். நான் நன்றாக யோசித்து ஒன்றைத் தொட்டுக் காட்டுவேன். உடனே கடைக்காரர் பக்கம் திரும்புவாள்.

"அண்ணே, அந்த இன்னொண்ண பேக் பண்ணிடுங்க."