காலி வீட்டுக்கு வந்த வாழ்வு

ஒழுகும் குழாயை வென்றான். திறக்காத ஜன்னலை வென்றான். இருண்ட படிக்கட்டு, பெயர்ந்த தரை, மழைக்காலத்தில் வியர்க்கும் சுவர் என்று வந்த அத்தனை புகார்களையும், மூன்று குடித்தனங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் படையெடுத்து வந்தும், ஓர் ஆணிகூட அடிக்காமல் தனி ஆளாக நின்று வென்றான் என் தம்பி. அதற்கெல்லாம் முன்னால், நாங்கள் வாடகைக்கு இருந்து வளர்ந்த அதே வீட்டை, பார்சல் ஆபீஸ் குமாஸ்தாவின் மகனான அவன், வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி விலைக்கு வாங்கினான். தம்பி என்பதற்காகச் சொல்லவில்லை, அது லேசுப்பட்ட காரியம் இல்லை. எட்டாவதோடு நின்றுவிட்ட நான் இன்றைக்கும் அதை நாலு பேரிடம் சொல்லாமல் இருப்பதில்லை.

பெருமை இத்துடன் முடிந்தது. இனி அவன் எந்த இனத்தைச் சேர்ந்தவன் என்று பார்ப்போம்.

மேனாமினுக்கி என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். இது வீடுமினுக்கி. ஆண், பெண் இரு பாலிலும் உண்டு. குடித்தனம் இருக்கிற வரைக்கும் இதை அடையாளம் காண முடியாது. அப்போது இது வெறும் வீட்டுக்காரர். மாதம் பிறந்ததும் வரும். செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றுகொண்டு, கழுத்தை மட்டும் உள்ளே அனுப்பி, சுவரில் புதிதாக ஆணி ஏதும் அடித்திருக்கிறார்களா என்று நோட்டம் விடும். புகார் சொன்னால் கோபப்படாது. அதுதான் இதன் சாமர்த்தியம்.

"குழாய் ஒழுகுதுங்க" என்றால், "தண்ணி வருதேன்னு சந்தோஷப்படுங்க" என்னும்.

"ஜன்னல் திறக்க மாட்டேங்குதுங்க" என்றால், "கொசு வராது" என்னும்.

"சுவர் ஊறுதுங்க" என்றால், "கோடையில வந்து எனக்கு நன்றி சொல்லுவீங்க" என்னும்.

என் தம்பி வீட்டில் கடைசியாகக் குடியிருந்தவர் ஒரு தையற்காரம்மா. ஜன்னல் ஓரமாக மெஷினைப் போட்டு உட்கார்ந்திருப்பார். ஜன்னல் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். அது எந்தக் காலத்திலோ பெயின்ட்டோடு ஒட்டிக்கொண்ட இரண்டு பலகை. "பட்டப்பகல்ல லைட்டப் போட்டாலும் ஊசியில நூல் கோக்க முடியல சார், அந்த ஜன்னல மட்டும் பாத்துக் குடுங்க" என்று அவர் கேட்டபோது, என் தம்பி மிகுந்த அக்கறையோடு, "கண் டாக்டரப் பாத்தீங்களா?" என்று கேட்டானாம். அந்தம்மாவும் பாவம், போய்ப் பார்த்திருக்கிறார். டாக்டர் கண் நன்றாக இருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

கேட்டுக் கேட்டு அலுத்துப்போய் ஒருநாள் அவர் காலி செய்தார். வீடு பூட்டிக் கிடந்தது. அப்போதுதான் கூட்டுப்புழு வெடித்தது.

தம்பி மகளுக்கு வேறு ஊரில் படிக்க இடம் கிடைத்தது. நல்ல படிப்பு, நல்ல கல்லூரி. வீட்டை விற்றால்தான் பெண்ணை அனுப்ப முடியும். மாதக் கடைசிக்குள் சேராவிட்டால் அந்த இடம் அடுத்த பெண்ணுக்குப் போய்விடும். "அத்தை, அப்பா வித்துடுவார்ல?" என்று தினமும் போனில் கேட்பாள். பெட்டிகூட வாங்கி வைத்துவிட்டாள். அதைத் திறந்து பார்ப்பதும் மூடுவதுமாக இருக்கிறாள் என்று அவள் அம்மா சொன்னாள்.

புரோக்கர் வந்து வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "சார், வாங்க வர்றவன் பத்து நிமிஷம்தான் பாப்பான். அந்தப் பத்து நிமிஷத்துக்கு வீடு சிரிக்கணும்."

வீட்டைச் சிரிக்க வைக்க என்னையும் கூப்பிட்டார்கள். தரை துடைப்பதில் எனக்கு ஒரு பேர் உண்டு. மூலையில் தேங்கும் அழுக்கைத் தேங்காய் நாரும் தென்னங்குச்சியும் வைத்து எடுத்தால்தான் எனக்குத் தூக்கம் வரும். போய் நின்றேன். நின்றவள் அப்படியே நின்றுவிட்டேன்.

குழாய் புதுசு. சும்மா புதுசா? ஒரு விரலால் தொட்டால் கொட்டும், விட்டால் நிற்கும், ஒரு சொட்டு ஒழுகாது. பலகை ஜன்னல் இருந்த இடத்தில் ஆள் உயரத்துக்குக் கண்ணாடி. படிக்கட்டில் மூன்று விளக்கு. தரைக்குப் பளிங்கு மாதிரி ஓடு. கூடத்தில் வியர்க்கிற சுவரை உரித்து, மருந்து அடித்து, புதிதாகப் பூசியிருந்தார்கள். போதாக்குறைக்குக் கூடத்தில் யாரும் உட்காராத இரண்டு நாற்காலி, யாரும் படிக்காத ஒரு தடிப்புத்தகம், கிண்ணம் நிறையப் பிளாஸ்டிக் எலுமிச்சம்பழம். மனுஷர் இருந்தபோது எழுபது முறை கேட்டும் வராததெல்லாம், ஆளே இல்லாத வீட்டுக்கு வரிசையாக வந்து சேர்ந்திருந்தன.

எனக்கு ஆச்சரியமாக இருந்தது இன்னொன்று. ஒரு புகார்கூட விட்டுப்போகவில்லை. சமையலறை மேடை ஓரத்தில் சேலை கிழிக்கிற ஒரு சில்லு இருக்கிறது என்று தையற்காரம்மா எப்போதோ சொன்னாராம், அதைக்கூட உரசி வழவழப்பாக்கியிருந்தான். அப்படியானால் என்ன அர்த்தம்? காது கேட்காதவன் மாதிரி வாசலில் நின்றானே, எல்லாமே விழுந்திருக்கிறது! காது நன்றாகத்தான் இருந்திருக்கிறது. கண் டாக்டரைப் பார்க்கச் சொன்னவனைக் காது டாக்டரிடம் அனுப்பியிருந்தால், அவரும் ஒன்றுமில்லை என்று சொல்லித்தான் அனுப்பியிருப்பார்.

"ஏண்டா, இத அந்தம்மா இருக்கறப்பவே செஞ்சிருக்கக் கூடாதா?" என்றேன்.

தம்பி என்னைப் பரிதாபமாகப் பார்த்தான். "என்னக்கா நீ, விவரம் தெரியாம பேசற? அப்ப செஞ்சிருந்தா அவங்க யூஸ் பண்ணித் தேஞ்சு போயிருக்கும்."

இந்த ஒரு வாக்கியத்தை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வீடுமினுக்கியின் வேதம் இது.

மினுக்கிய பிறகு இந்த இனத்துக்குக் குரல் மாறும். பார்க்க வருபவர்களிடம், "பாத்துப் பாத்துக் கட்டின வீடுங்க" என்னும், கட்டினது யாரோ. "விக்க மனசே இல்ல" என்னும். "குடியிருந்தவங்க அழுதுகிட்டே போனாங்க" என்னும். இது மட்டும் உண்மை. பக்கத்துப் பட்டறையில் தகரம் தட்டாத நேரமாகப் பார்த்து ஆளை வரச்சொல்லும். கதவுக்குப் பின்னால் மின்விசிறியை வைத்துவிட்டு, "காத்து பாருங்க, சும்மா பிச்சுக்கிட்டு வருது" என்னும்.

எல்லாம் சரியாகத்தான் போயிருக்கும், அந்தக் கறை இல்லாவிட்டால்.

உள்ளறைச் சுவரில், இடுப்பு உயரத்தில், உள்ளங்கை அகலத்துக்கு ஓர் ஊதாக் கறை. புதிதாக வெள்ளை அடித்தால் காலையில் காணாமல் போகும். சாயங்காலம் எட்டிப் பார்க்கும். இன்னொரு பூச்சு அடித்தால், "என்னைக் கூப்பிட்டீர்களா?" என்று இன்னும் பளிச்சென்று வரும். பெயின்ட்டர் தலையில் கைவைத்துக்கொண்டார். "சார், ஈரம் பட்டா இதுக்கு உயிர் வருது. பேய்க்குக்கூட இத்தன பிடிவாதம் கிடையாது."

"எல்லாம் குடித்தனக்காரன் புள்ளைங்க செஞ்ச வேல" என்றான் தம்பி. இந்தக் கறைக்கு அவனிடம் ஒரு சட்டமே இருந்தது. யார் காலி செய்தாலும் அந்தச் சுவருக்கு மட்டும் அவர்களே வெள்ளை அடித்துவிட்டுத்தான் சாவியைக் கொடுக்க வேண்டும். மூன்று குடித்தனமும் அடித்தார்கள். தையற்காரம்மா முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, விடுமுறை நாளில் அடித்துவிட்டுப் போனார்.

முதலில் வந்த கணவன் மனைவி எலுமிச்சம்பழத்தைப் பார்த்துச் சொக்கினார்கள். ஊதாவைப் பார்த்ததும், "சுவர் ஊறுதோ?" என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, போன் வந்தமாதிரி வெளியே போனார்கள். அப்புறம் வந்தவர் வீட்டையே மோந்து பார்த்துவிட்டுப் போனார். நாட்கள் ஓடின. மருமகள் போனில் கேட்பதை நிறுத்திவிட்டாள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

கடைசி வாரத்தில் புரோக்கர் ஓடிவந்தார். "சார், உறுதியான பார்ட்டி. அவங்க பொண்ணுக்கு வேல கிடைச்சு லோனும் கிடைச்சிருச்சு. இந்தத் தெருதான் வேணுமாம்."

தம்பி மின்விசிறியைப் போட்டான். விளக்குகளை எரியவிட்டான். வாசலில் காலடிச் சத்தம் கேட்டதும், ஜன்னல் பக்கம் திரும்பி நின்று திரையை ஒரே இழுப்பில் விலக்கி, மனப்பாடம் செய்திருந்ததை முழங்கினான்: "வாங்க, வாங்க! வெளிச்சத்தப் பாருங்க! இந்த ஜன்னல்கிட்ட உக்காந்தா சாயங்காலம்கூட ஊசியில நூல் கோக்கலாம்!"

"கோத்துக் காட்டட்டுமா சார்?" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

திரும்பினான். தையற்காரம்மா.

என் தம்பியின் முகம் அப்போது போன போக்கை நான் வர்ணிக்கப் போவதில்லை. உடன்பிறப்பு, விட்டுவிடுகிறேன்.

அந்தம்மா பதற்றமே இல்லாமல் வீட்டைச் சுற்றினார். குழாயைத் தொட்டார், கொட்டியது, விட்டார், நின்றது. ஜன்னலைத் திறந்தார், மூடினார், மறுபடியும் திறந்தார். மேடை ஓரத்தில் விரலால் தடவினார். "எல்லாமே நான் கேட்டது. ஒண்ணு விடாம செஞ்சு வெச்சிருக்கீங்க. இத நான் வாங்காம வேற யாரு சார் வாங்குவா? போன இடத்துல தைக்கக் குடுக்க ஆளே இல்ல. என் வாடிக்கையெல்லாம் இந்தத் தெருவுலதான் இருக்கு."

புரோக்கர் மூச்சு விட்டார். நானும் விட்டேன். அப்போது உள்ளறைக்குப் போனவர் நின்றார். "இது இன்னுமா இருக்கு?"

வாயை மூடிக்கொண்டிருக்கலாம். ஆனால் இந்த இனம் ஜெயிக்கிற நேரத்தில்தான் வாயைத் திறக்கும். "உங்க பொண்ணு கைவேலதானேம்மா?" என்றான் தம்பி.

"என் பொண்ணா? நாங்க இங்க குடி வரும்போதே அவ பத்தாவது சார். பத்தாவது படிக்கறவ இடுப்பு உயரத்துல எதுக்குக் கிறுக்கறா, முட்டி போட்டா?" அந்தம்மாவின் குரல் முதல்முறையாக ஏறியது. "செய்யாத தப்புக்குச் சுண்ணாம்பு அடிச்சிட்டுப் போனோம். இப்ப சுரண்டிப் பாத்துடுவோம். என் பொண்ணு கையெழுத்து எனக்குத் தெரியும். அவ எழுதினதுன்னா, நீங்க சொல்ற விலைக்கு மறுபேச்சு இல்ல."

"இல்லன்னா?" என்றார் புரோக்கர்.

"அத அப்ப சொல்றேன்."

பெயின்ட்டர் தகட்டை எடுத்தார். அவர் சுரண்டினால் சுவரே வந்துவிடும் என்று நான் வாங்கிக்கொண்டேன். ஒவ்வொரு பூச்சாக, வெங்காயத் தோல் உரிக்கிற மாதிரி உரித்தேன். பெயின்ட்டர் அடித்தது, தையற்காரம்மா அடித்தது, அவருக்கு முன்னால் இருந்தவர் அடித்தது, அதற்கும் முன்னால் இருந்தவர் அடித்தது. தம்பி வீடு வாங்கியபோது அடித்த பச்சையும் போனது. அடியில் பழைய மஞ்சள் காவி. அதில், அழுத்தி எழுதியதால் பள்ளம் விழுந்த எழுத்துகள். ஒவ்வொரு பள்ளத்திலும் ஊதா.

எனக்குக் கை நின்றுவிட்டது. அப்பா பார்சலில் விலாசம் எழுத ஒரு பென்சில் கொண்டுவருவார். நாக்கில் தொட்டு எழுதினால் ஊதாவாகும், பிறகு அழியவே அழியாது. அதை ஒருவன் திருடி, நாக்கில் தொட்டுத் தொட்டு எழுதி, மூன்று நாள் ஊதா நாக்கோடு திரிந்ததும், அம்மா விஷத்தைக் கடித்துவிட்டான் என்று அலறியதும் எனக்கு நினைவு வந்தது. எங்கே எழுதினான் என்று மட்டும் அவன் யாரிடமும் சொல்லவில்லை. பீரோவின் மறைவில் எழுதியிருக்கிறான் போலிருக்கிறது.

பெயின்ட்டர் எழுத்துக் கூட்டிச் சத்தமாகப் படித்தார். படித்துவிட்டு, "சார், இது உங்க பேரு" என்றார்.

கதவுக்குப் பின்னால் மின்விசிறி மட்டும் பிச்சுக்கிட்டு அடித்தது.

"எனக்கு ஞாபகமே இல்லக்கா" என்றான் தம்பி. சத்தியமாக இருக்காது. குடித்தனக்காரன் பிள்ளை செய்த வேலைதான் என்று பன்னிரண்டு வருஷமாகச் சொன்னானே, அதுவும் சத்தியம்தான். அப்போது நாங்கள்தானே குடித்தனம்?

தையற்காரம்மா வெகுநேரம் சிரித்தார். பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வீட்ட நான் வாங்கிக்கறேன் சார். விலையில ஒத்த ரூபா குறைக்க வேண்டாம். உங்க பொண்ணு படிக்கட்டும். ஆனா எழுதினவங்கதான் வெள்ளை அடிச்சிட்டுச் சாவியக் குடுக்கணும். உங்க சட்டம்தானே அது?" என்றார்.

"பெயின்ட்டர்கிட்ட சொல்லிடறேன்" என்றான் தம்பி.

"நான் பெயின்ட்டர்கிட்டயா சொன்னேன்?"

அடித்தான். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, நான் அவருக்குப் போட்டுக் கொடுத்த நாற்காலியில் தையற்காரம்மா உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க, என் தம்பி அந்தச் சுவருக்கு வெள்ளை அடித்தான். "ஓரம் விட்டுப்போச்சு சார்" என்று அவர் இரண்டு தடவை சொன்னார். நானும் ஒரு தடவை சொன்னேன். விட்டுத்தான் போயிருந்தது. மறுநாள் பத்திரம் முடிந்தது. மருமகள் பெட்டியை மூடினாள், திரும்பத் திறக்கவில்லை.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் எழுந்துபோய் உங்கள் வீட்டு அலமாரியை ஒருதரம் திறந்து பாருங்கள். விருந்தாளிக்கு என்று எடுத்துவைத்த நல்ல தட்டுகள் அங்கே இருக்கின்றன. கூடவே சாப்பிடுகிறவர்களுக்கு விளிம்பு உடைந்த தட்டு. கட்டில் விரிப்பு யார் வந்தால் மாறுகிறது? மனைவி மூன்று மாதமாகச் சொல்லும் அந்தத் தாழ்ப்பாள் எப்போது சரியாகும்? பெண் பார்க்க வரும்போதா? கேட்டது காதில் விழவில்லை என்று என்னிடம் சொல்லாதீர்கள். என் தம்பிக்கும் விழவில்லைதான்.

போன வாரம் மழை பிடித்துக்கொண்டது. சுவரில் ஈரம் ஏறியிருக்கும். தையற்காரம்மா போன் செய்தார். "அக்கா, உங்க தம்பி திரும்ப வந்துட்டாரு."

"அழிக்கச் சொல்லி அனுப்பட்டுமா?"

"வேணாம், இருக்கட்டும். வர்றவங்களுக்கெல்லாம் காட்டிட்டிருக்கேன். கீழ என்னமோ நம்பரா இருக்கே, அது என்னக்கா?"

எனக்குத் தெரியும். கரும்பலகையின் மூலையில் வாத்தியார் எழுதுவதைப் பார்த்து, எதை எழுதினாலும் கீழே தேதி போட வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்த வயது அவனுக்கு. படிக்கச் சொன்னேன். கண்ணில் ஒரு குறையும் இல்லாத அந்தம்மா, நல்ல வெளிச்சத்தில், தடங்கலில்லாமல் படித்தார்:

12-10-1981.